மீனுக்கும் பூசணிக்காய்க்கும் என்ன உறவு?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதை ஊரில் கிறுக்குத்தனம் என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மாதச் சம்பளம் உண்டு. குட்டையில் மீன் இருந்தால் தண்ணீருக்குள் வளரும் தும்பிக் குஞ்சுகளை, அதாவது தட்டான் குஞ்சுகளை, தின்றுவிடும். மீன் இல்லாவிட்டால் தும்பி பெருகும். பெருகிய தும்பி தேனீக்களைப் பிடித்துத் தின்னும். தப்பியவை பயந்துபோய் அந்தப் பக்கமே தலைகாட்டாது. தேனீ வராவிட்டால் பூசணிப் பூ காயாகாது. ஆக, குழம்பில்கூடச் சந்தித்துக்கொள்ளாத மீனுக்கும் பூசணிக்காய்க்கும் உள்ள மறைமுக உறவை அளப்பதுதான் என் வேலை. வீட்டில் விளக்கிச் சொல்ல முடியாத உத்தியோகம் பார்க்கும் சக பாவிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

இடையில் நிற்பவள்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்காரம்மா செல்வியக்காவுக்கு, நான் விடிவதற்குள் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்புவது வெகு நாளாக உறுத்தல். ஒருநாள் வாசலில் மடக்கி என்ன வேலை என்று கேட்டார். மீன், தும்பி, தேனீ, பூசணி என்று வரிசையாகச் சொன்னேன். "நீ மீன் பிடிப்பியா?" என்றார். இல்லை என்றேன். "பூசணி விப்பியா?" அதுவும் இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"புரோக்கர் வேலைன்னு ஒரே வார்த்தையில சொல்ல வேண்டியதுதானே, இதுக்கு ஏம்மா இவ்ளோ சுத்தி வளைக்கிற?"

குச்சி

அத்திபெலே பக்கம் முனியப்பண்ணா என்ற விவசாயிக்கு நிலம். ஒரு கோடியில் மீன் விட்ட குட்டை, மறுகோடியில் மீன் இல்லாத குட்டை, இரண்டு கரையிலும் வெள்ளைப் பூசணிக் கொடி. எங்களுக்கென்றே செய்து வைத்தது போலிருந்தது. இந்தப் பருவம் முடியும்வரை அந்த இன்னொரு குட்டையில் மீன் விடாதீர்கள் என்று கேட்டோம், சரி என்றார். ஆயுத பூஜைக்கு பொம்மசந்திரா கம்பெனிகளுக்கு ஒரு லோடு பூசணி அனுப்ப ஒப்புக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம், அதோடு மறந்தோம்.

கவனிக்க வேண்டிய பூக்களுக்கு அடையாளமாகப் பக்கத்திலேயே மூங்கில் குச்சி நட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தால் குச்சிக்கு ஒரு தும்பி. உட்கார்ந்தபடி வேட்டையாட அத்தனை வாகான இடம் அவற்றுக்கு அதுவரை வாய்த்ததில்லை. என்னோடு வேலை செய்யும் ஷில்பா கன்னடக்காரி, என்னோடு பழகியே தமிழ் பேசக் கற்றவள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ தேவரே! நாம தும்பிய அளக்க வந்தமா, அதுக்கு பஸ் ஸ்டாப் கட்ட வந்தமா?"

எந்தக் கட்சி?

குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, பூக்காம்பில் நூல் கட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேஅவுட் சங்கத்துக்காரர் ஒருவர், கொசுவை ஒழிக்க ஒரு வாளி கப்பி மீனோடு வந்து மீன் இல்லாத குட்டையின் கரையில் நின்றார். அன்று நான் ஓடிய ஓட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓடியிருந்தால் மெடல் வாங்கியிருப்பேன். வாளியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டே விளக்கினேன். தும்பிக் குஞ்சே கொசுப்புழுவைத் தின்றுவிடும், மீன் வேண்டாம், தேனீ குறைந்தால் குறையட்டும், அதைத்தான் அளக்கிறோம் என்றேன். மனிதர் பொறுமைசாலி, முழுக்கக் கேட்டார்.

"மேடம், கொசு ஒழிகன்றீங்க, மீன் வாணாம்ன்றீங்க, தும்பி வாழ்கன்றீங்க, தேனீ போனா போகட்டும்ன்றீங்க. நீங்க எந்தப் பார்ட்டி?"

பூசணிக்கே திருஷ்டி

பருவத்தின் நடுவிலேயே கணக்கு பளிச்சென்று வந்துவிட்டது. மீன் இருந்த கரையில் பிஞ்சு பிஞ்சாகத் தொங்கியது. மீன் இல்லாத கரையில் பூவெல்லாம் வாடி உதிர்ந்தது. வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது. ஷில்பாவும் நானும் கை குலுக்கிக்கொண்டு நிமிர்ந்தால், முனியப்பண்ணா உதிர்ந்த பூக்களைப் பார்த்தபடி நிற்கிறார். "இதென்னா மேடம், ஊருக்கே திருஷ்டி கழிக்கிற காய், இதுக்கே திருஷ்டி பட்டுடுச்சா? லோடுக்கு வாக்கு குடுத்துட்டனே," என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. எனக்குக் கிடைத்த நல்ல முடிவு என்பது அவர் கொடியில் பிடிக்காத காய்கள்தானே!

நூல் கட்டிய பூக்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு நாங்களே தேனீ ஆவதென்று தீர்மானித்தோம். தினமும் விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெண் பூவிலும் மகரந்தம் தடவினோம். தரையோடு படரும் கொடி, குனிந்தால் குனிந்ததுதான். முதல் பிஞ்சு உதிராமல் நின்றதைப் பார்த்தபோது, என் கட்டுரை அச்சில் வந்தபோதுகூட வராத சந்தோஷம் வந்தது. ஆயுத பூஜைக்கு முன்பே டெம்போ நிறைந்துவிட்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு முனியப்பண்ணா எங்களிடம் வந்தார்.

"மீனும் வாணாம், தேனீயும் வாணாம் மேடம், அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேர் வந்தா போதும்."

ஒரு குட்டையில் மீன் இல்லாமல் போனால் அதன் மறைமுக விளைவு எதுவரை எட்டும் என்று இனி யாராவது கேட்டால், என் இடுப்பு வரை என்று தயங்காமல் சொல்வேன்.