பெரிய வெள்ளித் தோரணம்

எங்கள் கோயிலை அலங்கரிப்பது என் பொறுப்பு. தெரணியகலையிலிருந்து மேலே ஏறும் பாதையில், றப்பர் மலைக்கு நடுவே நிற்கும் சின்னக் கத்தோலிக்கக் கோயில் அது. தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். தவக்காலம் வந்தால் பீடத்துக்கு ஊதா விரிப்பு, பூ கிடையாது. கடைசி இரண்டு கிழமையும் புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவோம். உயிர்ப்பு ஞாயிறுக்கு எல்லாம் வெள்ளை. வீட்டுக்கு வீடு அந்தூரியம் வெட்டிக் கொண்டுவருவார்கள். டிசம்பரில் கிறிஸ்மஸ் குடிலுக்குப் பாசி பிடித்த கல் பொறுக்கப் போவேன். விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்க்கும்போது கிடைக்கும் நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. விரல் இடுக்கில் அட்டை கடிப்பதுகூட அப்போது தெரியாது.

இந்த வேலையில்தான் ஒருவருக்குத் துரோகம் செய்தேன்.

குருத்தோலைத் தோரணம் கட்ட எங்கள் தோட்டத்தில் ஒருவர்தான் இருக்கிறார். விடிய றப்பர் பால் வெட்டப் போய், பகலில் வந்து ஓலை கிழிப்பார். அவர் இந்து. மாரியம்மன் கோயிலுக்கும் கட்டுவார், எங்களுக்கும் கட்டுவார். கீழே சிங்களக் கிராமத்துப் புத்த கோயிலான பன்சலையிலிருந்தும் ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள். ஓலையைக் குருவி போல மடித்துத் தொங்கவிடுவது எங்கள் முறை. நல்ல காரியத்துக்குக் குருவிகள் மேலே பார்க்கும்; சாவு வீட்டில் கீழே பார்க்கும். பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய சாவு வீடுதானே என்று, கோயிலுக்கும் பாதைக்கும் கீழே பார்க்கும் தோரணம் கட்டச் சொன்னது என் யோசனை. சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று.

மூன்று வருடங்களுக்கு முன், பெரிய சனியன்று பால்வெட்டு முடித்து அவர் வந்தார்.

"சேர், நேத்து கட்டுனத எல்லாம் அவுத்துட்டு புதுசா கட்டிறவா? ஓல வெட்டி வச்சிருக்கேன்."

வாசலில் இருந்ததை ஏற்கெனவே அவிழ்த்தாயிற்று. பாதையோரம் இருந்தது இன்னும் வாடவில்லை. எனக்கு முழங்கால் வலி. அன்றிரவு உயிர்ப்புப் பாஸ்கா பூசைக்கான வேலைகள் வேறு குவிந்து கிடந்தன.

"பாதையில உள்ளது இருக்கட்டும்ப்பா. யாரு அண்ணாந்து பாக்குறா?"

"திங்கக்கெழம கல்யாணம் இருக்கே சேர்."

"குருவி எங்க பாத்தா என்ன? நாங்க கிறிஸ்தவங்க. நீ போ."

அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் நான் பாடம் சொன்னவன். "சேர் சொன்னா சரி" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை மணப்பெண்ணை அழைத்து வந்த தாய் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"அடியே, நில்லு! என் புள்ள கல்யாணத்துக்கு எழவுத் தோரணமா? எந்தக் கை கட்டுச்சு இத?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோரணம் கட்டியவரும் சலவைச் சட்டையோடு கூட்டத்தில் நின்றார்.

"அவருக்கு எங்க கோயில் முறை சரியாத் தெரியாதும்மா. மாத்திக் கட்டிட்டாரு" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் கழற்றி முடிக்கும்வரை மணப்பெண் குடைக்குக் கீழே காத்து நின்றாள்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. சாவுக்கு மட்டும் ஆள் வரும். கடை வாசலில் இளந்தாரிகள், "எழவு மாமா வாராரு, எல்லாரும் உசுரோடதான இருக்கீங்க?" என்று கத்துவார்கள். ஒரு நாள் நானும் அங்கே பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றேன். கேட்காதவன்போல நடந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, கோயிலுக்கும் கூப்பிடாமல் கடையில் விற்கும் வெள்ளிச் சரிகைத் தாளைத் தொங்கவிட்டேன். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். எங்கள் குருவானவர் சிங்களவர். "கிஹின் எயாட்ட கியன்ன" என்றார்; போய் அந்த ஆளிடமே சொல்லுங்கள் என்று. நான் போகவில்லை.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கியபோது என் மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தாள். தோரணக்காரருடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், மாப்பிள்ளை எஹலியகொடைப் பக்கம். அந்த வீட்டார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பெண்ணின் தகப்பன் தோரணம் கட்டக் கூடாது.

"பெத்த மகளுக்கே கட்டக் கூடாதாமுங்க" என்றாள். அவளுக்கும் உண்மை தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னேன்.

"இத வயித்துல வச்சிக்கிட்டா மூணு வருஷமா நற்கருண வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் குருவானவரிடம் அனுமதி கேட்டு முன்னால் போய் நின்றேன். "அந்தத் தோரணத்த அப்படியே விடச் சொன்னது நான். அவரு மாத்துவோமான்னு கேட்டாரு, நான் வேணாம்னேன். அப்புறம் பழிய அவர் மேல போட்டேன். நாளைக்கு அவரு மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ள வீட்டுலயும் போய் இதச் சொல்லப்போறேன்" என்றேன்.

அன்றைய மணப்பெண்ணின் தாய் எழுந்தார். இடுப்பில் பேரப்பிள்ளை.

"இதச் சொல்ல மூணு வருஷமா சேர்? அந்த மனுசன எவ்வளவு ஏசியிருப்பேன்!" பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "மாப்பிள்ள வீட்டுக்கு நானும் வாறேன். என் மக ரெண்டு புள்ளையோட நல்லாத்தான் இருக்கான்னு நானே சொல்றேன்" என்றார்.

மறுநாள் இருவரும் எஹலியகொடைக்குப் பஸ் ஏறினோம். மாப்பிள்ளையின் தகப்பனார் எல்லாவற்றையும் கேட்டார். "படிச்ச மனுசனே பொய் சொன்னா நாங்க யாரத்தாங்க நம்புறது?" என்றார். நிபந்தனையை மட்டும் கைவிட்டார்.

திரும்பி வந்ததும் தோரணக்காரர் குடியிருக்கும் லய வீட்டுக்குப் போனேன். அவர் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"கேள்விப்பட்டேன் சேர்" என்றார். வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

அதுவரை அவரை நீ என்றே பேசி வந்தவன், "சனிக்கெழம கோயிலுக்கு வருவீங்களா?" என்றேன்.

"வாறேன். ஆனா எது இருக்கணும், எத கழட்டணும்னு நான்தான் சொல்லுவேன். சேர் ஏணியப் புடிச்சாப் போதும்."

பிடித்தேன். பாதை முழுக்கக் குருவிகள் மேலே பார்த்தன. கட்டிய களைப்பில் அவர் கோயில் படியில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

போன கிழமை மகளின் கல்யாணம். லயத்து வாசலிலிருந்து அம்மன் கோயில் வரைக்கும் அவரே கட்டினார். ஓலை எடுத்துக் கொடுக்கலாம் என்று போனேன்.

"சேர், இங்க கால்ல மாட்டாதீங்க. போய்ச் சாப்புடுங்க" என்று விரட்டிவிட்டார்.

அந்த மூன்று வருடத்துக் கல்யாணங்களை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியாது. போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.