மொட்டை மலைக் கொன்றை

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பத்திரிகையில் வேடிக்கைக் கட்டுரை எழுதிவிட்டு, அதை அவர் படிக்கமாட்டார் என்று நம்பிய மடையன் நான். அவர் ஓய்வுபெற்ற கிராம அதிகாரி. நாள் முழுக்கப் படிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை.

எங்கள் தெருவில் அவர் வீட்டில் மட்டுமே கொன்றை மரம். சித்திரை முதல் நாள் விடிந்ததும் கண் விழிக்கிற மங்கலத் தட்டான கணியில் கொன்றைப்பூ இல்லாவிட்டால் அது கணியே இல்லை. ஆகவே முந்தின நாள் சாயங்காலம் தெருவே அவரிடம் போய் நிற்கும். ஒரு கொத்துப் பூவை, என்னவோ புறம்போக்கைப் பட்டா போட்டுக் கொடுப்பதுபோல, கால் மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டுத்தான் தருவார். அதைத்தான் எழுதினேன். ஆளின் பெயர் போடவில்லை. மரத்தைப் போட்டிருந்தேன், அதுவே போதுமாக இருந்தது.

"ஓய், நீரு எழுதின கடலாசு இருக்கில்லா? இந்த வருசம் அதை எடுத்துக் கணி வையும்" என்று வேலிக்கு அப்பால் நின்று சொல்லிவிட்டார். நாங்கள் தமிழோடு சேருவதா மலையாளத்தோடு சேருவதா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். நானும் அவரும் பூவுக்குச் சண்டை போட்டோம்.

கணி வைக்காமல் விட்டால் என் மனைவி சும்மா இருக்கமாட்டாள். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. "கிழக்கே மொட்டை மலையில் கொன்றை இருக்கு. நானே போய்ப் பறிச்சிட்டு வாறேன்" என்றேன்.

"போறது சரி. விழுந்தா தூக்கிட்டு வர நாலு பேரைச் சொல்லி வச்சிட்டுப் போங்க" என்றாள் அவள். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தொப்பைக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

பங்குனி கடைசி நாள் விடிகாலையில் கிளம்பினேன். எங்கள் வீட்டு வெள்ளை நாய் கூட வந்தது. ஓணானைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற வீரன். ஊர் எல்லை தாண்டித் திரும்பிப் பார்த்தால், எதிரி வீட்டுக் கறுப்பு நாயும் பின்னால் வருகிறது. விரட்டினேன். அது கட்டுரை படிக்கவில்லை போலும், வாலை ஆட்டிற்று.

மொட்டை மலை என்பது மயிலாடிக் கல்தச்சர்கள்கூட வேண்டாமென்று விட்டுவைத்த பாறை. நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. உடைமுள்ளும் கள்ளியும்தான். ஆனால் அந்த மாதத்தில் அதற்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். அடிவாரமெல்லாம் ஆவாரம்பூ. அதற்கு மேலே ஓர் இலைகூட இல்லாத மரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பெரிய பூக்கள். "கொன்றை!" என்று கத்தி ஐந்தாறு பறித்த பிறகுதான் அது கோங்கு என்று உறைத்தது. செய்யுளில் நூறு தடவை பார்த்த பூக்கள் இரண்டும். நேரில் அறிமுகம் இல்லை.

பாதிக்கு மேலே நான் நடக்கவில்லை, நாலு காலில் ஊர்ந்தேன். நாய்கள் இரண்டும் என்னைச் சமமாக மதிக்க ஆரம்பித்தது அப்போதுதான். வேட்டி முள்ளில் முழங்கால்வரை கிழிந்தது. உச்சிக்குக் கீழே உட்கார்ந்து, திரும்பிவிடலாம் என்று நான் முடிவெடுத்த நேரத்தில் கறுப்பு ஒரு முயலைக் கண்டு பாறை இடுக்கில் பாய்ந்தது. வெள்ளை குரைப்பதோடு நிறுத்திக்கொண்டது. கறுப்பு எங்காவது விழுந்து செத்தால் கொலைப்பழி என் தலையில் விடியுமே என்று நானும் இடுக்கில் நுழைந்தேன்.

மறுபக்கம் கொன்றை. ஒன்றல்ல, மூன்று மரம். சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

துண்டு நிறையப் பறித்துக் கட்டிக்கொண்டு உச்சியில் நின்றேன். தெற்கே கடல். மேற்கே எங்கள் ஊர். ஊருக்கு மேலே மட்டும் கருமேகம் கவிழ்ந்து மழை அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் மேல் ஒரு துளி விழவில்லை. யாரிடமும் கை நீட்டாமல் என் வீட்டுக் கணிக்கு நானே பூ பறித்துவிட்டேன். அந்த அரை மணி நேரம் நான் ரொம்பப் பெரிய மனிதன். இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு மரம் மழையில் மொட்டையாகி நின்றது. பூவெல்லாம் சேற்றில். நான் மலைக்குப் போனதை என் மனைவி சொல்லியிருக்கவேண்டும், தெருவே தட்டோடு என் வாசலில் நின்றது. கிழிந்த வேட்டியோடு ஆளுக்கொரு சரம் கொடுத்தேன். கடைசியாக, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் வந்தார்.

கால் மணி நேரப் பிரசங்கம் ஒன்றை இறங்கும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். மலையின் உயரத்தில் ஆரம்பித்து, கறுப்பு முயலைத் துரத்திய இடத்துக்கு வந்தேன். அவர் தட்டை நீட்டினார்.

"முயலைக் கண்டது நம்ம நாயி. மரத்தைக் கண்டதும் நம்ம நாயி. நீரு பொறத்தாலே போனீரு. நாயிக்க பங்கைத் தாரும் ஓய், மிச்சத்தைக் கட்டுரையில எழுதிக்கிடும்."