முறுக்கு போன ஊர்

தொண்ணூற்றொன்று வசந்தத்தில், ஜெர்சி சிட்டியிலிருந்து ஐசலினுக்குக் குடிவந்த புதிதில், எங்கள் மகள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு. நன்றாக எழுதுகிறாள், ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று ஆசிரியை எங்களை அழைத்துச் சொன்னார். அடுத்து நாடகம்போல ஒன்று நடத்தப்போகிறார்களாம். இரு ஜெர்மனிகளும் இணைந்து, நாடு முழுவதும் தேர்தல் நடந்தபின் அமைந்த அமைச்சரவை. பிள்ளைகளே அமைச்சர்கள். பேசினால்தான் மதிப்பெண், பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

தொப்பியில் சீட்டுப் போட்டு இலாகா பிரித்தார்கள். அவள் வெளியுறவை வேண்டிக்கொண்டிருந்தாள். வந்தது தபால்.

"நோபடி கேர்ஸ் அபௌட் ஸ்டாம்ப்ஸ், அப்பா" என்று பையைச் சோபாவில் போட்டாள்.

"மந்திரியம்மா, மொதல்ல அந்த டிஃபன் பாக்ஸ கழுவி வைங்க" என்றாள் என் மனைவி. மகள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினோம். புதிய அமைச்சரவை விதித்த வரிகளைப் பற்றி, கிழக்கே வேலையிழந்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. தபாலைப் பற்றி ஒன்றுமில்லை. திரும்பும்போது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

மறுநாள் என் மனைவியின் தம்பி ஜெர்மனியிலிருந்து போன் செய்தான். பான் நகரில், அமைச்சரவை கூடும் அதே ஊரில், அவனுக்கு வேலை. "அக்கா, நீ அனுப்பின முறுக்கு வைமாருக்குப் போய் ஊர் சுத்திட்டு மாவா வந்து சேந்திருக்கு" என்றான்.

பான் மேற்கே, வைமார் கிழக்கே. இரண்டுக்கும் ஒரே அஞ்சல் எண்: 5300. நாடு சேர்ந்துவிட்டது, எண்கள் சேரவில்லை. அதனால் மேற்கு என்றால் முன்னால் W, கிழக்கு என்றால், ஜெர்மன் மொழியில் அது 'ஓஸ்ட்' என்பதால், O போட வேண்டுமாம். எங்களுக்குத் தெரியாது. மகள் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு மாமாவைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

வகுப்பில் அமைச்சரவை கூடிய அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சான்சலராக இருந்த உயரமான பையன் நிதி, பாதுகாப்பு, வெளியுறவு என்று ஒவ்வொருவராகப் பேசவிட்டான். தபாலைத் தாண்டிப் போகப் பார்த்தான். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மகள் கை தூக்கினாள். நாம் அமைச்சரவையாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பான் நகருக்கு என் அம்மா முறுக்கு அனுப்பினார், அது ஏன் வைமாருக்குப் போனது என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, ஒரே நாடு என்று எல்லோரும் பேசினீர்கள், ஒரு பார்சலுக்கு நாம் இன்னும் இரண்டு நாடு என்றாள். நிதியமைச்சர் பையன், அப்படியென்றால் என்ன செய்வது என்று கேட்டான். அவள் எழுந்து கரும்பலகைக்குப் போனாள். நாடு முழுவதற்கும் புது எண், ஒரு இலக்கம் கூடுதலாக. மணி அடிக்கும்வரை சாக்பீஸை அவள் கீழே வைக்கவில்லை.

திரும்பும்போது காரில், "இன்னொரு பாக்கெட் அனுப்பலாம்மா" என்றாள், தமிழில்.

"மந்திரி உத்தரவு" என்றாள் அம்மா.

இரண்டு வருடம் கழித்து ஜெர்மனி நிஜமாகவே ஐந்து இலக்க எண்ணுக்கு மாறியது. அன்று மச்சான் போன் செய்து மந்திரியைக் கேட்டான். இப்போது அவள் டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால், மச்சான் போன் செய்த அன்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே என் மனைவி போனில் சொன்னது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

"அவ ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்கடா. பேச ஆரம்பிச்சுட்டா. நடுவுல கூப்பிட முடியாது, நாளைக்குப் பண்ணு."