வாரத்துக்குப் பதினொரு நிமிடம்

சென்ற மாதம் கணக்கு டீச்சரின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி கொடுத்த டேப்லெட்டைத் தொட்ட நேரம், வாரத்துக்குப் பதினொரு நிமிடம். பக்கத்து வகுப்பு, நூற்று நாற்பது. இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கும் டீச்சரை 'சுமார்' என்று எழுதியது பள்ளி நிர்வாகம். இந்த மாதமும் நிமிடம் ஏறாவிட்டால் வகுப்பு கைமாறும் என்றும் சொல்லிவிட்டது.

அவர் கம்ப்யூட்டருக்கு எதிரி அல்ல. அந்தப் பள்ளிக்கு வரைபட மென்பொருளை முதலில் கொண்டுவந்தவரே அவர்தான், அதுவும் சொந்த லேப்டாப்பில். வகுப்புச் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஒரு கோடு தெரியும். சாய்வை மாற்றும் பொத்தானில் விரலை வைப்பார், நகர்த்த மாட்டார்.

"இதை வலது பக்கம் இழுத்தா கோடு நிமிருமா, படுக்குமா? முதல்ல நோட்டுல போடுங்க. அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களோட சண்டை போடுங்க."

நாற்பது பேரும் கால் மணி நேரம் முட்டிக்கொள்வார்கள். தப்பாகப் போட்டவர்கள் குரல்தான் ஓங்கியிருக்கும். அதற்குப் பிறகே பொத்தான் நகரும்.

நிர்வாகம் வாங்கிய புதிய பயிற்சி மென்பொருளுக்கு இந்தச் சண்டை கண்ணில் படாது. விரல் பட்டால்தான் அதற்குப் படிப்பு. யோசிக்கும் பிள்ளையின் கை சும்மா இருக்கும் என்பதுகூடத் தெரியாதவர்கள் கல்வியை அளக்கக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வகுப்பின் ரகசியம் எல்லோரும் அறிந்ததுதான்: 'உதவி' பொத்தானை நான்கு முறை தட்டினால் விடை தானே நிரம்பும், நட்சத்திரமும் வரும்.

டீச்சர் டேப்லெட்டோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு 'உதவி'யை நான்கு முறை தட்டினார். மூன்று நட்சத்திரம்.

"சார், நான் கேள்வியையே பார்க்கல."

"தெரியும்மா. எங்க வீட்டுப் பேரனும் இப்படித்தான் பண்றான்."

"தெரிஞ்சுமா என் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டீங்க?"

தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். மேலிடம் நிமிடத்தைத்தான் கேட்கிறது, பிள்ளைகளைக் கொஞ்சம் தட்டச் சொல்லுங்கள், வகுப்பு உங்களிடமே இருக்கும் என்று தணிந்த குரலில் சொன்னார்.

"நாப்பது பிள்ளைங்களுக்கு ஏமாத்தக் கத்துக்குடுக்க என்னால முடியாது சார்."

வீட்டில் பஸ் ஓட்டும் கணவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பிரேக் போட்டதற்கு மெமோ வாங்கிய முதல் ஆள் நீதான் என்றாராம். டீச்சர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் அந்த வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் கணக்கு எடுக்கிறார். டீச்சருக்கு நூலக மேற்பார்வை. நாற்பது டேப்லெட்டுகளுக்கும் வெள்ளிக்கிழமையே சார்ஜ் ஏற்றிவிட்டார்கள்.