அக்கா பேசிக்கொண்டே வந்த தெரு

அக்காவின் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தில் அவள் முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆம்பூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்தான் அப்படி உட்காரச் சொன்னார். விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர், நிமிர்ந்து அருகே வந்து அவள் கழுத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, தொண்டையாண்ட வீக்கம் மாதிரி இருக்குது? நெழல் விழுது. மோவாயக் கொஞ்சம் எறக்கு" என்றார். துணைக்குப் போயிருந்த நான் அப்போதுதான் அதைக் கவனித்தேன். தினமும் அவள் பக்கத்தில் படுத்துறங்கியும் என் கண்ணில் படாத ஒரு சிறு மேடு. எச்சில் விழுங்கும்போது அதுவும் ஏறி இறங்கியது. அக்கா முகவாயை இறக்கிக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். வேலூரில் கணக்குப் பட்டம் முடித்திருந்த அக்காவுக்கு நிர்வாகப் படிப்புக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் டைப்ரைட்டிங்கா என்று கேட்பார்கள். காலையில் அவள் கணக்குகளைப் போடுவாள், நான் அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரம் முடிந்ததும் நிறுத்தச் சொல்வேன். மாலையில் நூலகத்துக்குப் போய் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படித்துவிட்டு வந்து, துணி துவைக்கும் கல்லருகே நின்று அதை அவளாகவே உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். கணீரென்ற குரல். அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "மெதுவா பேசுடி, ஊரே கேக்குது" என்று அம்மா அடுப்படியிலிருந்து அலுத்துக்கொள்ளாத நாளே கிடையாது.

அக்கா எழுத்துத் தேர்வில் தேற, குழு விவாதத்துக்கும் நேர்காணலுக்கும் சென்னைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. குழு விவாதம் என்றால் என்ன என்று அப்பா தன் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு விஷயத்தைக் கொடுப்பார்களாம், அதில் யார் பேச்சு எடுபடுகிறது என்று பார்ப்பார்களாம். "இவ்ளோதானா? எங்க ஷெட்ல டெய்லி நடக்குதே" என்றார் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை செய்யும் ஐந்தாறு பேரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பாதி மட்டும் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது சரியா தவறா என்று அப்பா ஆரம்பித்து வைப்பார். அவ்வளவுதான், கூரை பறக்கும். அவர்கள் தமிழிலும் உருதுவிலும் கத்துவார்கள். அக்கா நடுவில் புகுந்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவளுக்கு வாய் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. கண்கள் கலங்கி உள்ளே போய்விட்டாள். எல்லோரும் பாய் என்று அழைத்த, தாடி வைத்த ஒருவர் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு ஜாஸ்தி மரியாதை பாக்குது. நாங்க மூச்சு வாங்கற எடத்துல உள்ள பூந்துடச் சொல்லுப்பா." அதற்கப்புறம் அவள் புகுந்தாள். கடைசி ஞாயிறுகளில் அவள் ஆரம்பித்தால் ஆண்கள் எல்லோரும் வாய் மூடி, ஒரு வார்த்தை புரியாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில்தான் அம்மாவின் பிடிவாதத்தால் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் ஒரு பெண்மணி. அக்காவின் கழுத்தை நிதானமாகத் தொட்டுப் பார்த்து, சோதனைகள் செய்து, கட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார். "பயப்பட வேணாம். ஆனா குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது. கொஞ்ச நாள் குரல் கம்மும். சிலருக்குத் திரும்பாமயும் போகலாம்." "இன்டர்வியூ முடிஞ்சப்புறம் பண்ணிக்கலாமா, டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். ரொம்ப நாள் தள்ள வேண்டாம் என்று மட்டும் அவர் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்தில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். "உசுரு பெருசா, பேச்சு பெருசாடி?" என்று வீடு வரைக்கும் கேட்டாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே வறண்டு கிடந்த பாலாற்றைப் பார்த்தபடி, "பேச முடியலன்னா அங்க போய் நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்றாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அப்பாதான் சொன்னார்: "அவ போய்ட்டு வரட்டும்."

அவள் சென்னை போய்த் திரும்பிய மாலை, அம்மாவும் நானும் ரயில் நிலையத்தில் காத்திருந்தோம். பெட்டியிலிருந்து இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். வட்டத்தில் இவள் ஒருத்திதான் பெண். வேலையில்லாதவர்கள் நிறைந்த நாட்டுக்கு இயந்திரங்கள் தேவையா என்பது தலைப்பு. டை கட்டிய ஒரு பையன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தானாம். அவன் மூச்சு வாங்கிய இடத்தில் இவள் புகுந்தாள். டேனரிக்குப் புது இயந்திரம் வந்த அன்று எங்கள் வீட்டில் அப்பா சாப்பிடாமல் படுத்ததிலிருந்து தொடங்கி, அந்த இயந்திரத்தில் இப்போது வேலை செய்பவர்கள் வரைக்கும் சொன்னாளாம். எல்லோரும் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார்களாம். ஸ்டேஷன் தாண்டி, பஜார் தாண்டி, எங்கள் தெரு முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். கையை வீசி, அந்தப் பையனைப் போல் பேசிக் காட்டி, நடுவே நின்று சிரித்து. வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பெருமையும் கூச்சமுமாக இருந்தது. "மெதுவா பேசுடி" என்றாள். அந்தக் குரலில் அவள் அத்தனை நேரம் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்த மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி எதிர்பார்த்ததைவிடப் பின்னால் போய் நரம்போடு ஒட்டியிருந்ததாகவும், நரம்பை வெட்டாமல் விட்டிருந்தால் உயிருக்கு ஆபத்து என்றும் மருத்துவர் அப்பாவிடம் விளக்கினார். முதலிலேயே எடுத்திருந்தால் ஒட்டாமல் இருந்திருக்குமா என்று அப்பா கேட்கவில்லை. அதைச் சொல்லவும் யாராலும் முடிந்திருக்காது. இடம் கிடைத்துவிட்டது என்ற தகவல் அக்கா படுக்கையில் இருக்கும்போது வந்தது. அப்பா அதைப் படித்துக் காட்டினார். அவள் வாய் அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

அந்தப் படிப்பு தொடங்கும் வரையிலான மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததை வெளியார் பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். அக்காவால் கிசுகிசுக்கத்தான் முடிந்தது. அவள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் கிசுகிசுப்பதைக் கேட்டதும் நாங்களும் அறியாமல் கிசுகிசுத்தே பதில் சொன்னோம். பிறகு அவள் இல்லாத அறையிலும் அப்படியே பேசினோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் அழைத்து வருவதை நிறுத்திவிட்டார். துணி துவைக்கும் கல் பக்கம் போகும்போதெல்லாம் யாரோ பேச வாயெடுத்து நின்றுபோனதைப் போல எனக்கு உடம்பு சிலிர்க்கும். இறந்தவர்களின் குரல் வீட்டில் கேட்பதாகச் சொல்வார்கள். எங்களுக்கோ, எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தவளின் பழைய குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அந்தப் படிப்புக்குப் போனாள். வகுப்பில் பேசுவதற்கே தனி மதிப்பெண் உண்டாம். தொண்டையில் கையை அழுத்திக்கொண்டு பேசி, இரண்டு வருடத்தையும் முடித்தாள். வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகளும் குழு விவாதம்தான் வைத்தன. அங்கே ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குத் திரும்பி, காலணி ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். எண்பதுகளில் வெளிநாட்டுப் பேரம் எல்லாம் தட்டச்சு செய்து அனுப்பும் டெலக்ஸில்தான் நடந்தது. அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஜெர்மனியிலிருந்து நேரில் வந்த ஒரு வியாபாரி, இத்தனை நாளாகத் தன்னோடு மல்லுக்கு நின்றது இந்தப் பெண்ணா என்று கையைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். வெளிநாட்டு வியாபாரப் பிரிவுக்கே தலைவியாகித்தான் ஓய்வு பெற்றாள். குரலைப் பற்றி ஒரு நாளும் அவள் எங்களிடம் பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. அப்பா அந்த ஒரு வாக்கியத்தை, "அவ போய்ட்டு வரட்டும்" என்றதை, மனதிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இப்போது அம்மாவுக்குத் தொண்ணூறை நெருங்குகிறது. கண் தெரியவில்லை, நினைவும் தப்பிவிட்டது. என்னை அடையாளம் தெரிகிறது. அவள் கணக்கில், பெரியவள் மட்டும் சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ரயில் கூவியது. அம்மா வாயைத் துடைத்துவிட்டு, "இந்த வண்டியிலயும் வரலியா?" என்று கேட்டாள்.

"அடுத்த வண்டியில வந்துடுவாம்மா" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"நீ யாரும்மா? நல்ல பொண்ணு. எவ்ளோ மெதுவா பேசற." அம்மா கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள். "எம் பொண்ணு அப்படியில்ல. தெருக்கோடியில வரும்போதே கேட்டுடும். நீயும் கொஞ்சம் கேளு."

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். இருவரும் அசையாமல் தெருவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.