உள்ளே குத்திய பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருவைச் சேர்ந்த எலினா ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். பன்னிரண்டு வருஷமாக ராஜபாளையத்தில் சுந்தரபாண்டியனின் பட்டறையில் லேத் ஓட்டினாள். சுந்தரபாண்டியனுக்கு லேத் ஓட்டத் தெரியாது. விசிட்டிங் கார்டில் ‘தொழில்நுட்பச் செம்மல்’ என்று போட்டுக்கொள்ளத் தெரியும்.

போன ஆண்டு பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து ஞானரத்தினம் என்ற பொறியாளர் வந்தார். செம்பில் ஓர் உருளை வேண்டும், உட்புறம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்றார்.

“எதுக்கு சார்?” என்று எலினாதான் கேட்டாள்.

“மைக்ரோவேவை இதுக்குள்ள சேர்த்து வைப்போம்மா. உள்ளயே முட்டி மோதிக்கிட்டுக் கெடக்கும். பொறவு சட்டுனு தெறந்துவிட்டா, அம்புட்டும் ஒரே அடியா வெளிய பாயும். நேரம் சுருங்கும், பலம் கூடும். ரேடார்ல அப்படிச் சின்னத் துடிப்பா அனுப்பினாத்தான் ஒட்டிப் பறக்குற ரெண்டு விமானம் தனித்தனியாத் தெரியும். உள்ள கீறல் இருந்தா, சேர்த்ததெல்லாம் செம்புலயே சூடாப் போயிரும்.”

சுந்தரபாண்டியன் காதில் ‘ரேடார்’ மட்டும் விழுந்தது. மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் முளைத்தது: கறுப்புக் கண்ணாடியில் அவர், பின்னால் மூன்று போர் விமானங்கள்.

எலினா பத்து நாள் கடைந்து மெருகேற்றினாள். அனுப்புகிற அன்று முதலாளி சுத்தியலும் எழுத்துக் குத்துகிற இரும்பு அச்சுகளுமாக வந்தார்.

“வெளிய குத்துங்க அண்ணாச்சி, உள்ள வேண்டாம்.”

“வெளிய குத்தினா பெயிண்ட் அடிச்சு மறைச்சிருவான். உள்ளன்னா அழியாதுல்லா? ஒனக்கு என்னட்டி தெரியும்?”

பட்டத்தோடு முழுப் பெயரையும் உட்சுவரில் குத்தினார்.

உருளை திரும்பி வந்தது. பாதி ஆற்றல்கூடத் தேறவில்லை என்றது சோதனை அறிக்கை. அடியில் ஞானரத்தினம் கைப்பட எழுதியிருந்தார்: ‘மிச்சம் உங்கள் பெயரைச் சூடாக்கவே சரியாகப் போயிற்று.’

“இன்னொண்ணு கடையுதேன். வேலை முடியுற வரைக்கும் நீங்க பட்டறைக்குள்ள வரக் கூடாது” என்றாள் எலினா. வேறு வழியில்லாமல் அவர் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது உருளை சொன்னபடி வேலை செய்தது. எலினாவைப் பெயர் சொல்லிப் பாராட்டி ஆய்வகம் கடிதம் அனுப்பியது. சுந்தரபாண்டியன் அதற்குச் சட்டம் போட்டு அறையில் மாட்டினார். அவள் பெயர் இருந்த இடத்தில் தன் பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டியிருந்தார்.

அதைப் பார்த்த அன்றே எலினா வேலையை விட்டாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன ஷெட், பழைய லேத் ஒன்று. ஆய்வகத்தின் அடுத்த மூன்று ஆர்டர்களும் அங்கேதான் போயின.

“அந்தப் புள்ளைக்குத் தொழில் கத்துக்குடுத்ததே நான்தான்” என்று சுந்தரபாண்டியன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.