மாசிமா பூட்டிய அலமாரி

கோமதி போய்விட்டாள் என்று அவள் கணவர் தொலைபேசியில் சொன்னதும், "நிஜமாவா? எந்த டாக்டர் சொன்னார்?" என்றுதான் கேட்டேன். "அவளும் இதைத்தான் கேட்டிருப்பா" என்றார் அவர், அழுகையினூடே. அவளை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ஒரே பள்ளியில் நாங்கள் இருவரும் உயிரியல் ஆசிரியைகள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. வாடகை வீட்டின் மர அலமாரியில் கோமதி சளிப்பூஞ்சை வளர்த்தாள். மஞ்சளாக, ஈரமாக ஊர்ந்து பரவும் உயிர். மூளை கிடையாது. ஆனாலும் புதிர்ப்பாதையின் இரு முனைகளிலும் உணவு வைத்தால் மிகக் குறுகிய வழியைக் கண்டுகொள்ளும் என்று படித்திருந்தாள். தானும் செய்து பார்த்ததாக, அப்படியே நடந்ததாகச் சொன்னாள்.

வீட்டுக்கார அம்மாளை, வங்காளிகள் சித்தியை அழைப்பதுபோல, மாசிமா என்றுதான் அழைப்போம். ஒருநாள் பூஞ்சை வளர்ப்புத் தட்டைவிட்டு ஊர்ந்து வெளியே வந்திருந்ததைப் பார்த்துவிட்டார். "நேத்து அங்கே இருந்தது, இன்னிக்கு இங்கே இருக்கு. என்ன மந்திரம் பண்றே?" என்றார் வங்காள மொழியில். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

எனக்கும் சந்தேகம்தான். "வேண்டாத வழியை நீயே சுரண்டி எடுத்துடறயோ?" என்று கேட்டேன். கோமதிக்குக் கோபம் வரவில்லை. "சந்தேகப்படு. ஆனா தள்ளி நின்னு படாதே, பக்கத்துல உக்காந்து படு."

மறுநாள் காலை மாசிமாவையும் உட்காரவைத்தாள். அலமாரியில் வைத்த புதிர்ப்பாதையின் எல்லாச் சந்துகளையும் பூஞ்சை நிரப்பியிருந்தது. இரு முனைகளிலும் ஓட்ஸ் வைத்தாள். மாசிமா அலமாரிக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். நாங்கள் பள்ளிக்குப் போனோம்.

மாலையில் அவரே திறந்தார். முட்டுச்சந்துகளும் சுற்றுவழிகளும் காலி. குறுக்குவழியில் மட்டும் தடித்த மஞ்சள் கோடு. மாசிமா பூட்டை இழுத்துப் பார்த்தார். அலமாரியின் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"அப்போ இதுக்குப் புத்தி இருக்கு."

"புத்தி இல்லே மாசிமா. எல்லாப் பக்கமும் போய்ப் பாக்கும், ஒண்ணும் கிடைக்காத இடத்தை விட்டுட்டு வந்துடும்."

"மக்கா இருந்தா விட்டிருப்பேன். வழி கண்டுபிடிக்கத் தெரிஞ்சது என் ரூமுக்கும் வரும். எடுத்துட்டுப் போ."

கோமதி லேக் மார்க்கெட் பக்கம் வேறு வீடு பார்த்தாள். "ஏதோ தற்செயலா நடந்ததுன்னு சொல்லியிருக்கலாமே" என்று நான் பொருமினேன். "அவங்க பார்த்தது சரி. முடிவு பண்ணினதுதான் தப்பு. அதுக்காகப் பொய் சொல்லணுமா?" என்றாள்.

சாமான் வண்டி கிளம்பும் நேரத்தில் மாசிமா வாசலுக்கு வந்தார். கிட்டே வராமல், "இன்னிக்கு எந்தப் பக்கம் போயிருக்கு?" என்று கேட்டார்.

எத்தனையோ வகுப்புகளில் அவளைப் பார்த்திருக்கிறேன். என் நினைவில் தங்கியிருப்பது இதுதான்: வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தன்னை வெளியேற்றியவர் முன் பூஞ்சை டப்பாவின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த கோமதி.